கோட் என்றால் ஏற்றம்

மொன்றியல்
வைகாசி 1996

இஞ்சாருங்கோ,

பிரான்சின் வைன் திராட்சைத் தோட்டங்களைச் சைக்கிளில் சுற்ற இருவருமாகத்தான் திட்டம் போட்டோம். நீங்கள் டொரன்டோவில் தனி வீடு எடுத்துவிட்டீர்கள் என்பதற்காக நான் அதைக் கைவிடமாட்டேன். அடுத்த மாதம் பயணம்.

வரைபடத்தில் 'கோட்' என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கண்டுவிட்டு, "கடற்கரைதான், யாழ்ப்பாணம் மாதிரித் தட்டையான ரோட்டு" என்றீர்கள். நானும் நம்பினேன். நேற்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, நாங்கள் இருக்கிற கோட்-டே-நேஜிலை கடல் எங்கை? அங்கையும் கோட் எண்டால் ஏற்றம்!"

எனக்குக் கோபம் வந்தது. இன்று காலை எங்கள் தெரு ஏற்றத்தை, இறங்கி உருட்டாமல் மிதித்தே ஏறி முடித்தேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்கள் கரியரில் குந்தியிருந்த அதே நான்தான்.

வருவதென்றால் உங்கள் சைக்கிளில் வாருங்கள். என் கரியரில் உடுப்புப் பை.

இப்படிக்கு,
முன்னுக்கு இருந்து மிதிப்பவள்