ஆட்டுக் கழுத்து மாத்திரை

சேலம், 12 ஜூன் 1936

இளம்பிள்ளையிலிருந்து ஒரு நெசவுக் குடும்பத்து மாமியாரும் மருமகளும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மருமகள் கமலவேணிக்கு முப்பது வயதிருக்கும். ஊதிய முகம், வறண்ட தோல். இந்த வெயிலிலும் போர்வை. மாமியார் மாரக்காள்தான் பேசினாள்: "ராட்டையில உக்காந்தா தூங்கறாளுங்க. எம் முன்னால ஒரு கை சோறுதான் திங்கறா. அப்புறம் இந்த ஒடம்பு எப்படிங்க? திருட்டுத் தீனி! பையனுக்கு வேற பொண்ணு பாக்கப் போறோமுங்க. டாக்டரம்மாகிட்ட ஒருக்கா காட்டீட்டுப் பாருன்னாங்க ஊர்ப் பெரியவங்க."

கமலவேணி அதற்குள் பெஞ்சிலேயே கண்ணயர்ந்திருந்தாள்.

13 ஜூன்

தைராய்டுதான் — கழுத்துச் சுரப்பி. மூளைக்கு அடியில் பயறளவு இருக்கும் இன்னொரு சுரப்பி அதை ஏவுகிறது என்று இப்போது எழுதுகிறார்கள். கழுத்துச் சுரப்பி தளர்ந்தால் பசி குறையும். உடம்பு மட்டும் கனக்கும். பெரிய டாக்டர் சிரித்தார்: "சோம்பலுக்கு மாத்திரையா, அம்மா?" தைராய்டு மாத்திரையைச் சென்னையிலிருந்து வரவழைக்கிறேன். என் கணிப்பு தவறினால்? எனக்கு அவமானம். அவளுக்கோ வாழ்க்கையே போகும்.

2 ஆகஸ்டு

கமலவேணி போர்வையில்லாமல் வந்தாள்! வீக்கம் வடிந்துவிட்டது. "பசிக்குதுங்க டாக்டரம்மா" என்று வெட்கப்பட்டாள். பெண் பார்ப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பெரிய டாக்டர் கண்ணில் படட்டும் என்று அவளை வராந்தாவில் வீணாக ஒரு நடை நடக்க வைத்தேன். கர்வம்தான். இருக்கட்டும்.

20 செப்டம்பர்

இந்த மாதம் மாத்திரை வாங்க மாமியாரும் வரவில்லை, மருமகளும் வரவில்லை. எதில் செய்தது என்று மாரக்காள் போன முறை கேட்டாள்; ஆட்டின் கழுத்துச் சுரப்பி என்றேன். இப்போது புரட்டாசி — அந்த வீட்டில் கவுச்சி வாசலைக்கூடத் தாண்டாது.

11 அக்டோபர்

நானே போனேன். மறுபடி அதே ஊதிய முகம். ராட்டைமேல் சாய்ந்து தூங்குகிறாள். சண்டைக்குத் தயாராகப் போன என்னை மாரக்காள் பேசவே விடவில்லை.

"மாத்திரை திங்கையில ராட்டை நிக்கலீங்க. நிறுத்துனதும் விழுந்துட்டா. நானேதான் சோறு போட்டு, பக்கத்துலயே இருந்து பாத்தேன். திருடலீங்க. அப்ப இது இவ கொணமில்லீங்களா?"

"இல்லை, மாரக்கா."

"இன்னைக்கே குடுங்க. பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன்."

கமலவேணி விழித்து அழுதாள். நானும்தான் — திரும்பும் வண்டியில்.

3 பிப்ரவரி 1937

மாரக்காள் வந்தாள், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியுடன். கமலவேணி எங்கே?

"அவளுக்கு எங்கீங்க நேரம்! இவளைப் பாருங்க. ஊட்டுல சோம்பேறிங்கறாங்களாம், வெவரங்கெட்டவங்க. இது சோம்பலில்லீங்க, சுரப்பி!"

பெரிய டாக்டரின் அறைக் கதவு திறந்திருந்தது. காதில் விழாதவள்போல இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.