பிளம் தோப்பில் நிற்கும் டாங்கி

சொம்போர்
14 பிப்ரவரி 2010

என் அன்புக் கூம் ஷிமுனுக்கு,

ஒப்ராத் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு தேசாங்கா எழுதுவது. நான் சுகம். அங்கே நீயும் உன் மனைவி மாந்தாவும் பேத்திகளும் சுகமாக இருக்க வேண்டும். இன்றைக்கு எங்களுக்குத் திராட்சைக்கொடி வெட்டும் திருநாள். என்னிடம் கொடி இல்லை. கத்தரிக்கோலைத் தீட்டி மட்டும் வைத்தேன். உங்கள் கோயில் ஆட்கள் மூன்று வாரம் முன்பே வெட்டி முடித்திருப்பீர்கள். உங்கள் புனிதருக்கு எப்போதும் அவசரம்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை, அதில் நான்கே வரி. இதற்குத் தபால்தலை வேறு. அந்த நான்காவது வரியில்தான் விஷயத்தை ஒளித்து வைத்திருந்தாய்: உன் தோப்பில் நிற்கும் டாங்கியை ஊராட்சி கேட்கிறது, நிலம் உன்னுடையது என்பதால் உன் கையெழுத்து வேண்டும் என்று.

கையெழுத்துப் போடாதே, ஷிமுன்.

உனக்கு எதையும் நான் சொல்ல வேண்டியதில்லை. எழுதுகிறவள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். என் மகன் வெல்கோவின் முதல் முடியை இறக்கியவன் நீ. மடியில் உட்கார வைத்து மூன்று கொத்து வெட்டினாய். இரண்டாவது கொத்துக்கு உன் கட்டைவிரலைக் கடித்துவிட்டான். அன்றிலிருந்து நீ எனக்குக் கூம். கோயில் வேறானாலும் கூடப்பிறந்தவனுக்கு மேல். தொண்ணூற்றொன்றில் யூகோஸ்லாவியா உடைந்து, உன் ஆட்களும் என் ஆட்களும் எதிரெதிரே நின்றபோது அவன் கட்டாய ராணுவச் சேவையில் இருந்தான், இருபது வயது. வழி தெரிந்தவன் என்று சொல்லி, டாங்கியை ஓட்டிக்கொண்டு பிறந்த நம் ஊர் துபோவிக்குக்கே போகச் சொன்னார்கள். உன் தோப்பில் அடி விழுந்தது. பட்டாளம் திரும்பிப் போய்விட்டது. மேல் கூண்டில் இருந்த இருவரின் உடல் வந்தது. ஓட்டியவன் உடல் வரவில்லை.

ஐந்து வருடம் கழித்து ஹங்கேரியில் சந்தித்தபோது நீ சொன்னாய்: "ஓட்டுறவன் மூடி மூடினபடியே இருந்துச்சு கூம். உள்ளேயே சாம்பலாயிட்டான். ஒரு நொடிதான். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறேன். எழுதத் தெரியாதவனுக்குத் தலையை விட்டால் வைத்துக்கொள்ள வேறு இடம் ஏது?

ஆகவே அந்த இரும்புதான் அவன் கல்லறை. இறந்தோர் நாளில் எனக்குப் பதிலாக நீதான் அதன்மேல் மெழுகுவத்தி ஏற்றுகிறாய். அவர்கள் பச்சை அடித்துத் தேசியக் கொடி நட்டால் அது அவர்களுடையதாகிவிடும். வெட்டி விற்றால் யாருடையதும் இல்லை. துருவேறியே நிற்கட்டும். நான் போகும்வரை நின்றால் போதும்.

உன் கூம்,
ஒப்ராத்

துபோவிக்
9 மார்ச் 2010

அன்புள்ள கூம்,

உன் கடிதத்தை மாந்தா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நாக்கில் மட்டும் வீக்கம் இல்லை.

முடிதிருத்தும் கடையில் இதே பேச்சுதான். "கிழவன் ஏன் தர மாட்டேங்கிறான்? அது என்ன முட்டையா போடுது?" என்கிறான் ஒருவன். "போடும் போடும், ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கூம் வந்து அடைகாப்பான்" என்கிறான் இன்னொருவன். கடையே சிரிக்கிறது. கன்னம் நிறைய சோப்போடு நானும் சிரித்து வைக்கிறேன். ஊராட்சித் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஷிமுன் அண்ணே, முக்கு ரோட்டுல மேடை கட்டி, நம்ம பயலுக நிறுத்திக் காட்டினதுன்னு எழுதி வைக்கிறோம். பிடிக்கலைன்னா சொல்லுங்க, வெட்டி அனுப்பிடறோம். ரெண்டும் இல்லாம அப்படியே கிடந்தா எப்படி?" என் மகள் ருஷாவும் விடவில்லை: "செத்தவனுக்கு மெழுகுவத்தி கொளுத்துறீங்க, இருக்கிறவங்களுக்குத் தலைகுனிவுப்பா." அவள் புருஷன் யூரா, இந்தப் பேச்சு வந்தால் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

போன வாரம் நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து இரண்டு நாள் ஒரு விரல் இடம் விடாமல் பார்த்தாள். நீ நிம்மதி அடைய வேண்டும் என்று அவள் பட்டியலை அப்படியே எழுதுகிறேன்:

"மேல் கூண்டு உட்புறம் எரிந்துள்ளது. குண்டு அடுக்கு காலி. ஓட்டுநர் இருக்கையின் சட்டம் சேதமில்லை. ஓட்டுநர் மூடி திறந்த நிலையில் துருப்பிடித்து இறுகியுள்ளது. மனித எச்சம் எதுவும் இல்லை."

பார்த்தாயா கூம், உள்ளே எதுவும் இல்லை. பத்தொன்பது குளிர்காலத்துப் பனி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. நாம் இரண்டு கிழவர்களும் வெறும் இரும்பைக் காவல் காக்கிறோம். கையெழுத்துப் போட எனக்கு அனுமதி கொடு.

உன் கூம்,
ஷிமுன்

சொம்போர்
19 மார்ச் 2010

கூம் ஷிமுனுக்கு,

பட்டியலில் மூடி பற்றிய வரியை தேசாங்காவை மூன்று முறை படிக்கச் சொன்னேன். "ஒரே மாதிரிதான் இருக்கு ஒப்ராத் அண்ணே, படிக்கப் படிக்க மாறாது" என்கிறாள்.

தொண்ணூற்றொன்று ஜூன் மாதம் வெல்கோ நான்கு நாள் விடுப்பில் வந்தான். சட்டிமூடியை எடுத்து மேசையில் வைத்து எனக்குக் காட்டினான். "உள்ளேயிருந்து திருகினாத்தான் தொறக்கும்ப்பா. இப்படித் தூக்கி, இப்படி இடப்பக்கம் தள்ளணும்." அவன் அம்மா, என் ஸ்தானா, அடுப்படியிலிருந்து கத்தினாள்: "அடேய், மூடியை வை, சூப் ஆறுது!"

திறந்தபடி இறுகியிருக்கிறது என்றால் அன்றைக்கே திறந்திருந்தது. மூடியபடியே இருந்தது என்று நீ சொன்னாய். இருக்கைச் சட்டம் சேதமில்லை. சாம்பலானான் என்று நீ சொன்னாய்.

வெல்கோ வெளியே வந்தானா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் எழுது. அந்த இரண்டு சொல்லின் வடிவம் எனக்கே தெரியும்.

ஒப்ராத்

துபோவிக்
25 ஏப்ரல் 2010

கூம்,

ஆம்.

இதற்கு மேல் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. மாந்தாவும் ருஷாவும் நானும் நிலவறையில் இருந்தோம். பிற்பகல் மூன்று மணி இருக்கும். வெடித்த சத்தம் அடங்கியதும் யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். "கூம் ஷிமுன், நான்தான், வெல்கோ. கதவைத் தொறங்க." கத்தவில்லை. மாவு இரவல் கேட்டு வந்தவன் போலத்தான் கூப்பிட்டான். நிலவறைச் சன்னல் வழியாகக் கால்கள் தெரிந்தன. ஒரு காலில் பூட்ஸ் இல்லை.

நான் படியில் ஒரு கால் வைத்தேன். திறந்தால் என் வீட்டில் இருக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன். இன்னொரு காலை வைக்கவில்லை. வாய்க்காலிலிருந்து நான்கு பேர் ஏறி வந்தார்கள். நம் ஊர்க் காவல் பையன்கள், எல்லாரையும் எனக்குத் தெரியும். அவன் கையைத் தூக்கினான். அவர்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான், சேர்ந்து படித்தவர்கள்தானே. தெருவழியே கூட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் சுடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு முறை மட்டும் அல்ல.

எங்கே புதைத்தார்கள் என்று மறுநாள் ஒருவன் சொன்னான். மகன் ஒரு நொடியில் செத்தான் என்ற ஆறுதலையாவது ஸ்தானாவுக்குக் கொடுக்கலாம் என்றுதான் உன்னிடம் அப்படிச் சொன்னேன். அந்த நான்கு பேரில் ஒருவன் இன்று என் மேசையில் சாப்பிடுகிறான். என் பேத்திகளுக்குத் தகப்பன். இடத்தைக் கேட்காதே, ஒப்ராத். வேறு எது வேண்டுமானாலும் கேள்.

ஷிமுன்

சொம்போர்
6 மே 2010

கூம் ஷிமுனுக்கு,

தேசாங்கா உன் கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தாள்.

இனி அந்த இரும்பு எனக்கு வேண்டாம். கையெழுத்துப் போடு. பதினான்கு வருடம் எனக்காகத்தான் அதைக் காத்து வந்தாய் என்று நினைத்திருந்தேன். நான் வேறெங்கும் தேடாமல் இருக்கவும் அது உதவியிருக்கிறது.

இத்துடன் ஒரு காகிதம் வருகிறது. தச்சன் பென்சிலால் நானே வரைந்தேன், நான்கு நாள் வேலை. நம் துபோவிக், நாங்கள் விட்டுப்போனபோது இருந்தபடி. கோயில்கள் இரண்டு, பள்ளிக்கூடம், மாவு மில், வாய்க்கால், வீடுகள் நாற்பத்தேழு. எதிர்வீட்டு நாய்க்கூண்டைக்கூட விடவில்லை. மறந்துபோனேன் என்று நீ சொல்ல முடியாது.

பெயர் வேண்டாம். நான்கு பேரும் அவரவர் மேசையில் சாப்பிடட்டும். நான் யாரிடமும் புகார் கொடுக்க மாட்டேன், எண்பத்தொரு வயதில் தோண்டவும் வர மாட்டேன். அவன் கிடக்கும் இடத்தில் ஒரு சிலுவை போட்டு அந்தக் காகிதத்தை அனுப்பு. உங்களுடையதோ எங்களுடையதோ, எதுவானாலும் சரி. சாயங்காலம் நாற்காலியை எந்தப் பக்கம் பார்த்துப் போட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

உன் கூம்,
ஒப்ராத்

துபோவிக்
30 ஜூன் 2010

அன்புள்ள கூம்,

காகிதத்தை மூன்று நாள் மேசையில் விரித்து வைத்திருந்தேன். ஒரு கோடு பிசகவில்லை. மில்லுக்குப் பக்கத்தில் நின்ற பேரி மரத்தைக்கூடப் போட்டிருக்கிறாய். அது பட்டுப்போய்ப் பதினைந்து வருடம்.

மூன்றாம் நாள் ருஷா வந்து பார்த்துவிட்டாள். "யாரு வரைஞ்சது?" என்றாள். சொன்னேன். "அப்பா, இதுல நீங்க ஒரு புள்ளி வெச்சா என் பிள்ளைங்களுக்கு அப்பன் இல்லை. அவ்வளவுதான் சொல்வேன்." சொல்லிவிட்டு, மாந்தாவின் முழங்காலுக்கு மருந்து தடவப் போனாள்.

என்னால் முடியவில்லை, ஒப்ராத். காகிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

டாங்கியை இழுத்துப் போய்விட்டார்கள். முக்கு ரோட்டில் பச்சை அடிக்கிறார்கள். தோப்பில் அது நின்ற இடத்தில் புல் இல்லாமல் மண் கறுத்துக் கிடக்கிறது. மற்றபடி பிளம் இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது. சாராயம் காய்ச்சினால் ஒரு புட்டி உனக்கு எடுத்து வைப்பேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

உன் கூம்,
ஷிமுன்

சொம்போர்
11 ஜூலை 2010

ஷிமுன்,

காகிதம் வந்து சேர்ந்தது. தேசாங்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் போடலை அண்ணே. நீங்க குடுத்தபடியே இருக்கு." அவள் எழுத்தைத் தேடுகிறவள். நான் கோட்டைப் பார்க்கிறவன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். என் பழைய வீட்டுக்குப் பின்னால், சோளக்கதிர் காயவைக்கும் பரணுக்கும் வால்நட் மரத்துக்கும் நடுவே, ஒரு காசு அகலத்துக்குக் காகிதம் தேய்ந்து வெளிச்சம் வருகிறது. மரத்தின் அடிக்கோடு பாதி அழிந்திருக்கிறது. நீ சிலுவையைப் போட்டுவிட்டு அழித்திருக்கிறாய்.

அவன் வீட்டுக்கே அவனைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். நாங்கள் ஆகஸ்டிலேயே ஆற்றைத் தாண்டிவிட்டோம், வீடு காலியாகக் கிடந்தது.

அந்த வீட்டை நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஊருக்கு வர வழியில்லாமல், ஹங்கேரியில் மொஹாச்சில், வக்கீல் வீட்டு மேசையில், இந்த சொம்போர் வீட்டுக்காரருக்கு அதைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டேன். நான் கட்டைவிரலை வைத்தேன். எனக்குச் சாட்சியாக வந்து கீழே கையெழுத்துப் போட்டவன் நீ. ஸ்தானா தொட்டியில் என் விரல் மையைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஒரு நொடிக் கதையைச் சொன்னாய். பிறகு பத்திரத்தைப் பார்த்து, "நல்ல மண்ணு கூம், கைவிட்டுப் போகுதே" என்றாய். வால்நட் மரம் நிற்கும் மண்ணை நினைத்துச் சொல்கிறாய் என்று நான் உன் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

கதவைத் திறக்காததை நான் பொறுத்திருப்பேன். வீட்டில் பெண்கள் இருந்தார்கள், எனக்கும் பயம் தெரியும். மொஹாச்சில் உன்னைச் சுற்றித் துப்பாக்கி எதுவும் இல்லை. "விக்காதே" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

இப்போது அங்கே வேறொருவர் துணி காயப் போடுகிறார். அவரிடம் நான் என்ன கேட்பது? நான் படுத்திருப்பது அவர் வீட்டில்.

எழுதுவதை நிறுத்தாதே என்று சொல்லியிருந்தாய். நீ எழுது. தபால்காரர் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்கிறேன். படித்துக் காட்ட யாரையும் கூப்பிட மாட்டேன்.

ஒப்ராத்