ஒன்பதாம் பக்கத்துத் தலையணை உறை

புளியந்தீவு,
ஆவணி 2010

என் மெல்போர்ன் துரைக்கு,

நாட்டுச் சண்டை ஓய்ந்தபின், நான் தைக்கும் லேஸ் தலையணை உறைகளைப் பக்கத்து வீட்டு ஷெரில் இன்டர்நெட் சந்தையில் போட்டாள். உறையைப் பிடித்துச் சிரிக்கும் என் படமும் உண்டு. அந்தச் சந்தைப் பட்டியலில் முதல் பக்கத்தில் இருந்தோம். இப்போது ஒன்பதாம் பக்கம்! வாவிக்கு அடியில் கிடப்பதுபோல இருக்கிறது. வெளிச்சமெல்லாம் மேலேயே மிதந்து போகிறது. வாங்க ஆளில்லை.

"அன்ரி, மெல்போர்னில இருந்து ஒராள் நாளைக்கு இருபது தரம் பாக்கிறார், வாங்கிறாரில்ல. சாமான் சரியில்லயாக்கும் எண்டு அந்தச் சந்தை எங்களக் கீழ தள்ளிப்போடும்" என்கிறாள்.

சுனாமிக் கடல் வந்த மறுமாதம் அங்கே போனவர், ஒரு வரி எழுதாதவர், இருபது தரமா? உறையையா பார்க்கிறீர்கள், என்னையா?

உறையென்றால் ஒன்று வாங்குங்கள், மேலே வந்துவிடுவேன். என்னையென்றால் பார்த்தது போதும், வாருங்கள். முதலில் திட்டுவேன். பிறகு தேத்தண்ணி தருவேன்.

இன்னமும் சிரிக்கிற,
உங்கள் மனிசி