பங்கருக்கு மேலை செங்கல்

1995 பெப்ரவரி 11, சனி

காலமை பனி, பிறகு நல்ல வெயில். சமாதானக் கதை நடக்குதெண்டு ஊரிலை கனபேர் குண்டுக்குப் பதுங்கிற பங்கர்க் குழியை மூடுகினம். நாங்களும் மூடுவமெண்டன். இவர் வழமைபோலை, "கொஞ்சம் பொறும்." இந்த மனிசன் எதுக்குத்தான் பொறுக்கச் சொல்லேல்லை!

எனக்குக் கவலை பங்கரைப் பற்றியில்லை, மகளைப் பற்றித்தான். சுபாவுக்குப் பத்து வயசு. ட்ரக்டர் சத்தத்துக்கே தலகணியைத் தூக்கிக்கொண்டு இறங்கிடுவாள். படுக்கையும் அங்கைதான். ஒரு மாசமா ஒரு குண்டும் விழேல்லை, பிள்ளை இன்னும் மேலை வரேல்லை. குழி போனால் பயமும் போகுமோ? செய்து பாக்கவேணும்.

பெப். 13, திங்கள்

படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டன். பிள்ளை பள்ளிக்கூடம் போன கையோடை வேலை. மேலை அடுக்கின பனங்குத்தியளை இழுத்தெடுத்து, மண்மூட்டையளை அவிட்டுக் கொட்டி மூடியாச்சு. இவர் முணுமுணுத்துக்கொண்டுதான் செய்தார்.

சுபா வந்து புத்தகப் பையோடை நிண்டு பாத்தாள். அழேல்லை. "இனி நான் எங்கை போறது?" எண்டாள். தேத்தண்ணி போட்டுக் குடுத்தன்.

பெப். 14

ராத்திரி என்ன செய்தாள் தெரியுமே? மூடின மண்ணுக்கு மேலை பாயை விரிச்சுப் படுத்திட்டாள். பனியிலை நானும் பக்கத்திலை. தும்மல்.

சரி. அந்த இடம்தான் வேணுமெண்டால் அதை ஒரு இடமா ஆக்குவம். கல்லுப் பதிச்ச தளம்.

பெப். 18, சனி

குண்டு விழுந்து இடிஞ்ச முன் அறைச் சுவரின்ரை செங்கல் கிடக்கு. சாந்து தட்டி எடுத்தம். நகம் ரெண்டு போச்சு. சீமெந்துக்கு அரசாங்கத் தடை, கள்ளமாக் கிடைச்சாலும் யானை விலை. மணல்தான். சீமெந்தில்லாமல் கல் நிக்குமோ? நெருக்கி வைச்சால் ஒண்டையொண்டு பிடிக்குமெண்டு என்ரை எண்ணம்.

மட்டம் பாக்க, ஆசுப்பத்திரியிலை வேலை செய்யிற தங்கச்சி பழைய சேலைன் குழாய் கொண்டந்தாள். தண்ணி நிரப்பி ஒரு நுனி சுபா, மற்ற நுனி நான். ரெண்டு பக்கமும் தண்ணி ஏன் ஒரே உயரத்திலை நிக்குதெண்டு கேட்டாள். கனகாலத்துக்குப் பிறகு ஒரு கேள்வி. வகுப்பிலை நாப்பது பேருக்குச் சொன்ன விளக்கம், இண்டைக்கு இவள் ஒருத்திக்குக் குழாயை ஏத்தி இறக்கிக் காட்டிச் சொன்னன்.

வாழைப் பக்கம் ஒரு விரல் சரிவு வைக்கவேணும், மழைத் தண்ணி ஓட.

மார்ச் 5, ஞாயிறு

முடிஞ்சுது! முதுகு போச்சு. இவர் பதிச்ச வரிசை கோணல். சுபா சோக்கட்டியாலை கோடு கீறிக் கெந்தி விளையாடினாள். இரவு அறைக்குள்ளை படுக்கை. கதவு திறந்திருக்கவேணுமாம். இருக்கட்டும்.

ஏப்ரல் 16, ஞாயிறு

மத்தியானம் கொட்டு கொட்டெண்டு மழை. விட்டாப்பிறகு சுபா கூப்பிட்டாள். "அம்மா, பங்கர் திரும்பி வருது."

உண்மைதான். தளம் நடுவிலை இறங்கிக் கிடக்கு. நீட்டுச் சதுரம், பங்கரின்ரை அளவு அச்சொட்டா. தோட்டக்காரன்ரை மகள் நான். வெட்டி மூடின மண்ணைத் தண்ணி விட்டு இடிக்காட்டில் இறங்குமெண்டு தெரியாதே? பிள்ளை வரமுந்தி மூடிற அவசரம். இவர் ஒண்டும் சொல்லேல்லை, அதுதான் கூடக் கடுப்பு.

பிள்ளை பயந்திட்டாளெண்டு திரும்பினால், குந்தியிருந்து குச்சியாலை ஆழம் பாக்கிறாள். சனிக்கிழமை கிளப்பி, இடிச்சு, திரும்பப் பதிக்கிறது.

ஏப்ரல் 20, வியாழன்

சைக்கிள் டைனமோ சுத்தி றேடியோ கேட்டம். சண்டை திரும்பத் தொடங்கிட்டுது. பங்கரைத் திரும்ப வெட்ட இவர் மண்வெட்டியை எடுத்தார். "பொறுங்கோ" எண்டு வாய்வரைக்கும் வந்துது. சொல்லேல்லை. குசினிப் படியிலை இருந்து அழுதன், ஆத்திரத்திலை.

எழும்பிப் போனால் சுபா கல்லுக் கிளப்பிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு கல்லிலையும் சோக்கட்டியாலை நம்பர். வரிசை வரிசையா மதிலோடை அடுக்கி.

"உது ஏன் பிள்ளை, நம்பர்?"

"திரும்பப் போடேக்கை மாறக்கூடாதெல்லே."

அப்பான்ரை கோணல் வரிசைக்கு மட்டும் நம்பர் இல்லை. அதை அடுத்தமுறை வடிவாப் போடவேணுமாம்.