அப்பாவின் பிக்கப்பில் மாட்டிய ஸ்பீக்கர்

அன்பு மகள் கலைமகளுக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், போன மாதம் கன்று போட்ட பசுவும் சுகம், நீயும் மாப்பிள்ளை அரவிந்தனும் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நம் கோயில் கேடிலியப்பரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. நம் தெரு பரிதி லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

இந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது, ஆனாலும் வந்துவிட்டது, வாய்க்கால் ஓரத்து வயலில் நடவு முடிந்தது, மேட்டு வயல் மட்டும் பாக்கி. நடவு ஆட்களை ஏற்றிவர அப்பாவின் பிக்கப்தான் போகிறது. அந்த வண்டியை வைத்துக்கொண்டு மனிதர் இரண்டு மாதமாகப் பண்ணிய கூத்தைச் சொன்னால் சிரிப்பாய். வண்டியில் இருந்த பாட்டு செட் சரியில்லை, வார்த்தையே புரியவில்லை, கொழகொழவென்று இருக்கிறது என்று ஆரம்பித்தார். கூத்தாநல்லூரில் வண்டிகளுக்கு செட் மாட்டும் மீரா உசேன் தம்பியிடம் போய்க் கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றினார். ஒரு வாரம் கழித்து அதுவும் போதவில்லை என்று ஆம்ப்ளிஃபையர் வைத்தார். அப்புறம் அடிச் சத்தத்துக்கு என்று சீட்டுக்குப் பின்னால் பெட்டி மாதிரி ஒரு உஃபர். வண்டி தெருமுனை திரும்பும்போதே நம் வீட்டுப் பாத்திரம் அதிரும், கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையாங்க" என்று கேட்டால் "எல்லாரும் வைக்கிறான்" என்பார். அந்தத் தம்பியே "அண்ணே, இதுக்கு மேல வச்சா கதவு தனியாக் கழண்டு வந்துடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டானாம். கடைசியில் நடவுக்குத் தலைமை நிற்கும் பாக்கியம், "அண்ணே, நெஞ்செல்லாம் அடைக்குது, பாட்டை நிறுத்துனாத்தான் ஏறுவோம்" என்று சொல்லிவிட்டாள். நடவு நின்றுபோகுமே, வேறு வழியில்லாமல் நிறுத்தினார்.

இதற்கு நடுவில்தான் மாப்பிள்ளையிடம், ஏன் தம்பி கலை அப்பாவைப் பற்றிக் கேட்பதே இல்லை என்று கேட்டேன். அவர் முதலில் மழுப்பினார், அப்புறம் சொல்லிவிட்டார். அதற்காக அவரைக் கோபிக்காதே. புரட்டாசியில் கரு கலைந்த அன்று நீ முதலில் கூப்பிட்டது அப்பாவைத்தான் என்றும், "தங்கலப்பா" என்று நீ அழுததற்கு அப்பா "நல்லது நல்லது, ரொம்ப சந்தோஷம்மா, உடம்பைப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டார் என்றும் சொன்னார். கரு கலைந்த அன்று சாயங்காலம் மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரியும், அப்பாவுக்கு நான்தான் சொன்னேன். அவர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனவர் கண் சிவந்துதான் திரும்பினார். ஆனால் காலையில் நீ கூப்பிட்டதைப் பற்றி மூச்சு விடவில்லை. இந்த மனிதரா அப்படிச் சொன்னார் என்று எனக்கு நம்பவும் முடியவில்லை, நேருக்கு நேர் கேட்கவும் பயமாக இருந்தது, அவர் ஆமாம் என்றுவிட்டால் அப்புறம் எப்படி அவருக்குச் சோறு போடுவது.

நாலைந்து நாளில் அதற்குப் பதில் தானாகவே கிடைத்தது. நடவுக்குப் போக நானும் முன்சீட்டில் ஏறியிருந்தேன், பெண்களும் நாற்றுக்கட்டும் பின்னால். பாட்டு கிடையாது, பாக்கியத்துக்குப் பயந்து செட்டைத் தொடவேயில்லை. வாய்க்கால் திருப்பத்தில் பின்னால் ஒருத்தி பிடி நழுவித் தொங்கிவிட்டாள். எல்லோரும் சேர்ந்து "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தி, வண்டியின் முதுகைத் தட்டு தட்டென்று தட்டுகிறார்கள். அப்பா தன் போக்கில் ஓட்டிக்கொண்டு போகிறார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினார். அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான், சாமி புண்ணியம். பின்னால் அத்தனை பேர் கத்தியும் அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை, அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கலை, உன் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. நாம் யாருமே கவனிக்கவில்லை. வருஷக்கணக்காக டிராக்டரும் பம்புசெட்டும் தின்றது போக மீதிதான் இருக்கிறது. ஸ்பீக்கர் மேல் பழியைப் போட்டு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். அதோடு பாட்டு அலறிக்கொண்டிருந்தால் யார் பேசியது கேட்காவிட்டாலும் சமாளிக்கலாம் இல்லையா, அந்தத் தந்திரமும் இருந்திருக்கிறது.

பெண்களை வயலில் இறக்கிவிட்டு, வரப்போரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவர் காதோரம் நெருங்கி அன்றைய போனைப் பற்றிக் கேட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். போனில் யார் பேசினாலும் குரல் கேட்கிறதாம், வார்த்தை பிடிபடுவதில்லையாம். அதனால் நல்லது, சந்தோஷம், பார்த்துக்கோ என்று மூன்றை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் ஓட்டியிருக்கிறார். அன்று நீ சிரிக்கிறாய் என்று நினைத்தாராம். சாயங்காலம் நான் விஷயத்தைச் சொன்னபோதுதான் காலையில் உன்னிடம் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்கிறது. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்ட பேசுவேன்" என்று அழுதார். நானும் அழுதேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை, பாவமாகத்தான் இருந்தது, உன்னை நினைத்து அதைவிடப் பாவமாக இருந்தது.

தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. காதுக்கு மெஷின் சொல்லியிருக்கிறார், காது அளவெடுத்திருக்கிறார்கள், வரக் கொஞ்ச நாள் ஆகும். உஃபரைக் கழற்ற மீரா உசேனிடம் போனபோது அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் செட்டில் எதையெதையோ திருகி, அடிச் சத்தத்தைக் குறைத்து, அப்பாவின் போனை அதோடு இணைத்துவிட்டு, கடைக்குள் போய் நின்று அப்பாவைப் போனில் கூப்பிட்டான். "அண்ணே, காலையில என்ன சாப்டீங்க" என்று கேட்டதற்கு இவர் உடனே "இட்லி" என்றார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இப்போது யார் கூப்பிட்டாலும் வண்டிக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறார். உன்னைக் கூப்பிடுங்கள் என்றால் மட்டும் கை வரவில்லை. "அவளே கூப்பிட்டாத்தான் எனக்குத் தைரியம் வரும், அன்னைக்கு சொன்னதை அவ இன்னொரு தடவை சொல்லணும், நான் முழுசாக் கேக்கணும்" என்கிறார்.

உடம்பைக் கவனி, இனி பயமில்லை என்று ஆபீசுக்கு ஓடாதே, சூடாகச் சாப்பிடு, பொடிக்கு நெய் தாராளமாக ஊற்றிக்கொள். மாப்பிள்ளையும் உன்னோடு சேர்ந்து இழந்தவர்தான், அவரிடம் எரிந்து விழாதே. கேடிலியப்பர் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டார், நிறைந்த ஆயுசோடு இருங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை நேரம் பார்த்து அப்பா நம்பருக்கே கூப்பிடு, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார், நான் கூட உட்கார மாட்டேன். பேசும்போது அழுகை வந்தால் அடக்காதே. இப்போது அவருக்கு அது அழுகை என்று தெரியும்.

இப்படிக்கு உன் அம்மா,
வள்ளியம்மை துரைக்கண்ணு