திரிசூலம் மலை எந்தப் பக்கம்?

சனிக்கிழமை, படுக்கப்போகும் முன்.

இரண்டு மாதமாக நான் வீட்டில் கட்டிய கம்ப்யூட்டர் விமானம் இன்று மதியம் பறந்தது. மூன்று மானிட்டர்களை மேசையில் அரைவட்டமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பொருத்தி, மீனம்பாக்கத்தில் இறங்க மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த ஸ்டெல்லா நின்று பார்த்தாள்.

"என்னங்க, திரிசூலம் மலை எப்படி இந்தப் பக்கம் வரும்? வலது பக்கம்ல இருக்கணும்?"

இருபது வருடம் தாம்பரத்திலிருந்து அந்த மலையோரமாக மின்சார ரயிலில் வேலைக்குப் போனவள். பார்த்தால், இடது வலது ஸ்கிரீன்களின் வயரை நான் மாற்றிச் செருகியிருக்கிறேன்! வெட்கமாகப் போய்விட்டது.

சரிசெய்து மறுபடி கிளப்பினேன். விமானம் திரும்பியதும் மூன்று ஸ்கிரீனிலும் பூமி ஒன்றாகச் சாய்ந்தது. கீழ்க்கட்டளை ஏரி தகடு மாதிரி மின்னியது. அதற்கப்பால் கடல். எங்களுடையது பத்துக்குப் பத்து அறை. அதற்குள் இவ்வளவு வானம் எங்கிருந்து வந்தது? ஸ்டெல்லாவும் விமானத்தோடு சேர்ந்து சாய்ந்தாள். என் தோளைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

விமானம் என்றாலே பயப்படுபவள். மெல்போர்னில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றுதான் நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் அழுவாள்.

சக்கரம் தரையைத் தொட்டு, விமானம் ஓடி நின்றது. ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பிக் கேட்டாள்.

"ஜன்னல் சீட்டு கேட்டா தருவாங்களா?"