இலை சிவக்கும் வரை உறங்க வேண்டிய குழல்

ஜூன் 9, திங்கள்

எங்கள் செரிஸாவா சலூனுக்கு விடுமுறை. மழை. புதுக் குழல் தபாலில் வந்துவிட்டது. மூங்கில், ஏழு துளை. வாய் வைக்கும் இடத்தில் உருஷி மரத்துப் பால் பூசிச் சிவப்பாக மினுங்குகிறது. என் கடையில் இருக்கும் எல்லாவற்றையும்விட அழகு. முதலாளியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெட்டிக்குள் குழல் செய்தவரின் சீட்டு: ‘இலை சிவக்கும் வரை இது உறங்கட்டும்.’ நாதம் முதிர வேண்டுமாம் போலிருக்கிறது. கலைஞர்களுக்கு எப்போதும் ஒரு பிகு. இலை சிவக்க நவம்பர் ஆகிவிடும். தேர்த் திருவிழா ஜூலை இருபது. முப்பத்தொரு வருடம் எங்கள் கீழ்த்தெருத் தேரில் இரண்டாம் குழலாக உட்கார்ந்தவன் நான். முதல் குழல்காரர் மகன் வீட்டோடு இருக்க வடக்கே ஹொக்காய்டோவுக்குக் குடிபோய்விட்டதால், இந்த வருடம் அந்த இடம் எனக்கு. உறங்குவதாவது!

மூன்று முறை ஊதினேன். சமையலறையிலிருந்து யாஸுயோ, “பூனைக்கு உடம்பு சரியில்லையாங்க?” என்று கேட்டாள். எங்களிடம் பூனை கிடையாது. இருபத்தாறு வருட மனைவி.

ஜூன் 12, வியாழன்

மாலை பயிற்சி. வியாழனும் சனியும் தெரு மன்றத்தில்தான். புதுக் குழலை எல்லோர் கண்ணிலும் படும்படி மெதுவாக உறையிலிருந்து எடுத்தேன். ஊதி முடித்ததும் கைத்துண்டால் குழலைத் துடைத்து, அதே துண்டால் வாயைத் துடைத்து, ஒரு பெருமூச்சு. பெரிய வித்துவான்கள் அப்படித்தான் செய்வார்கள்.

டோஃபு கடை குவாபாரா மட்டும் அசரவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட வருகிற தொல்லை. முதல் குழல் இடம் தனக்குத்தான் வரும் என்று நம்பி, அது வராமல் போனவன்.

“குழல் புதுசு. விரல் பழசு. பாத்துடா, சண்டை வந்துடப் போகுது” என்றான்.

பொறாமை. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூன் 14, சனி

கீழுதட்டுக்கு அடியில் சிவப்பு. சின்னச் சின்னப் பொரி. அரிக்கிறது. சவரக் கத்தி பட்டதோ? இருபது வயதிலிருந்து ஊர்முகத்தையெல்லாம் வழிக்கிறவன், என் முகத்தில் கீறிக்கொள்வேனா?

பயிற்சியில் குவாபாரா பார்த்துவிட்டான். “நாலாம் வகுப்புல மலைக்குப் போனப்ப, உருஷி மரத்துல ஏறிட்டு ரெண்டு பேரும் பூசணிக்காயா திரும்பி வந்தோமே, ஞாபகம் இருக்கா? உனக்கு அந்த மூஞ்சிதான்டா எடுப்பா இருந்துச்சு.”

ஜூன் 17, செவ்வாய்

இப்போது வாயைச் சுற்றி வளையம். செதில் செதிலாக. வாடிக்கையாளர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தங்கள் தலையைப் பார்ப்பதில்லை, என் வாயைப் பார்க்கிறார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டேன். ஆனாலும் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி? தெருச் செய்தி எல்லாம் என் கடை வழியாகத்தானே போகிறது. நானே சொல்லியிருப்பேன்.

வைத்தியம் குவிகிறது. குதிரைக் கொழுப்புக் களிம்பு ஒருத்தர். பேரன் பிட்டத்துக்குப் போட்டதில் மிச்சம் என்று இன்னொருத்தர். பெயரே அழிந்துபோன டப்பா ஒன்று மூன்றாமவர். எல்லாவற்றையும் பூசினேன். மூன்றையும் ஒரே நாளில்.

ஜூன் 18, புதன்

பூசியிருக்கக் கூடாது.

ஜூன் 21, சனி

தேர்க் குழுத் தலைவி தோகுரா அம்மா கடைக்கே வந்துவிட்டார். சலவைக்கடைக்காரர். கறையைப் பார்க்கிற மாதிரிதான் ஆளையும் பார்ப்பார்.

“மாஸ்க்கை எடுங்க.”

எடுத்தேன்.

“ஐயோ. இதோட தேர்ல ஏறினா சாமியே இறங்கி நடந்து போயிடும். ஜூலை பன்னெண்டாம் தேதி பாப்பேன். சரியாகலன்னா முதல் குழல் குவாபாரா சான்.”

“தோகுரா சான், வாய்தான் கொஞ்சம் அப்படி. ஊதறது நல்லாத்தான்...”

“வாயாலதான ஊதறீங்க?”

மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டு, காலண்டரில் ஜூலை பன்னிரண்டை வட்டமிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

தோல் மருத்துவர் ஹினேனோ. சின்ன வயசு. சிரிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தவர் மாதிரி முகம். என் களிம்புகளை வரிசையாக மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைத்தொட்டிக்குள் போட்டார். பேரன் களிம்பை மட்டும் விரல் நுனியால்.

“வாயில படறது எல்லாத்தையும் எழுதுங்க. எதையும் விடாதீங்க. சிவக்கிற நாளையும் குறிங்க.”

எழுதுவது எனக்குச் சர்க்கரை. இந்த நோட்டிலேயே பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். பற்பசை. மிசோ சூப். கத்தரிக்காய். ஊமேப் பிளம்ஸ் ஊறுகாய். பச்சைத் தேநீர். யாஸுயோ பார்க்காதபோது பீர். பார்க்கும்போது பார்லித் தண்ணீர்.

ஜூன் 26, வியாழன்

கத்தரிக்காயை நிறுத்தியாயிற்று. பற்பசைக்குப் பதில் உப்பு. மாலை பயிற்சி, குழல் மட்டும் தேனாகப் பேசுகிறது.

ஜூன் 28, சனி

மறுபடியும் சிவந்துவிட்டது. கத்தரிக்காயிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஜூன் 30, திங்கள்

ஹினேனோ பட்டியலை முழுவதும் படித்தார். பதினோரு பக்கம். பீர் வரியில் புருவம் ஏறியது.

“இதுல இல்லாத எதாவது உதட்டுல படுதா? லிப் பாம்? யாருக்காவது முத்தம் கொடுத்தீங்களா?”

பக்கத்தில் யாஸுயோ. “டாக்டர், அப்படி எதாவது நடந்தா நானே வந்து சொல்றேன். பதினோரு வருஷமா ஒண்ணும் நடக்கல.”

மருத்துவர் சிரித்துவிட்டார். என் மானத்தின் செலவில். பரவாயில்லை, அந்தச் சத்தியத்தை உடைத்த பெருமை என் குடும்பத்துக்குத்தான்.

ஆனால் காரணம் தெரியவில்லை. இன்னும் பன்னிரண்டு நாள்.

ஜூலை 3, வியாழன்

உதடு வெடித்திருக்கிறது. ஊத முடியவில்லை. மன்றத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன் — முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. அது எவ்வளவு பெரிய அறை என்று இன்றுதான் தெரிந்தது.

குவாபாரா கேட்கவும் இல்லை. என் புதுக் குழலை எடுத்தான். என் இடத்தில் உட்கார்ந்தான். தேர் கிளம்பும் பாட்டை மூன்று முறை முழுதாக ஊதினான்.

“குழல் நல்லாத்தான்டா இருக்கு” என்றான். “இவ்வளவு நாள் ஆள் சரியில்ல, அவ்வளவுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் வலிக்கிறது. வேற எதுக்கு வலிக்குது? போதும், நோட்டை மூடு.

ஜூலை 5, சனி

காலையில் டோஃபு வாங்கப் போனேன். போக வேண்டிய ஆள் யாஸுயோ. அவனைத் திட்டிவிட்டு வரலாம் என்று நான் போனேன்.

குவாபாரா மாஸ்க் போட்டிருந்தான். தொற்று பரவிய நாளிலேயே மாஸ்க் போடமாட்டேன் என்று சண்டை போட்டவன்.

“எடுடா அதை.”

“சளி.”

“எடுடான்னா!”

எடுத்தான். கீழுதட்டுக்கு அடியில், இடப்பக்கம் சற்றுத் தள்ளி, சிவப்பாக, சின்னச் சின்னப் பொரி. குழல் உட்காருகிற இடம். அங்கே மட்டும்.

“உன்கிட்டேயிருந்துதான்டா தொத்திக்கிச்சு!” என்று கத்தினான்.

நான் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். வரிசையில் நின்ற பெண்கள் இருவரும் என்ன நினைத்தார்களோ. “குவாபாரா, நாலாம் வகுப்பு” என்றேன். “மலை. மரம். பூசணிக்காய்.”

அவன் வாய் திறந்தபடியே நின்றது. டோஃபு வாங்க மறந்து வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அன்றே, மதியம்

நோட்டை முன்பக்கமும் பின்பக்கமும் வைத்துப் பார்த்தேன். முன்னால் பயிற்சி நாள். பின்னால் சிவந்த நாள். வியாழன் ஊதினால் சனி சிவக்கிறது. சனி ஊதினால் திங்கள். ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. பதினோரு பக்கம் எழுதினேன், பார்லித் தண்ணீர் வரை எழுதினேன் — குழலை எழுதவில்லை. எப்படி எழுதுவேன்? நாக்கை யாராவது பட்டியலில் சேர்ப்பார்களா?

உருஷிப் பால் பட்டால் வீங்கும் என்று இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நன்றாகக் காய்ந்தால் சாது. தினமும் உருஷி பூசிய கிண்ணத்தில்தானே சூப் குடிக்கிறேன். அந்தச் சீட்டு நாதத்துக்காக இல்லை. பூச்சு உள்ளே இன்னும் காயவில்லை. இலை சிவப்பதற்குள் என் வாய் சிவந்துவிட்டது.

குவாபாராவுக்கு ஏன் உதட்டடியில் மட்டும், எனக்கு ஏன் வாய் முழுக்க வளையம்? இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன். கைத்துண்டு. குழலைத் துடைத்த துண்டால் வாயைத் துடைத்த வித்துவான். கடையில் ஒரு துண்டு இரண்டாவது முகத்தைத் தொடாது, முப்பது வருடச் சலூன்காரன்! வெட்கம்.

ஆனால் கண்டுபிடித்தது யார்? நான். வெட்கத்தைவிடப் பெருமை ஒரு கையளவு கூடுதல்.

ஜூலை 7, திங்கள்

ஹினேனோவிடம் குழல், துண்டு, நோட்டு, குவாபாரா — நான்கையும் கொண்டுபோய் வைத்தேன்.

மருத்துவர் குழலையும் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். “இசை வாசிப்பீங்களான்னு நான் கேட்டிருக்கணும்” என்றார். பிறகு, “இனிமே எல்லாரையும் கேப்பேன். உங்க கதையைச் சொல்லிக்கட்டுமா?”

“பேரோட சொல்லுங்க” என்றேன்.

“என் பேர் வேணாம்” என்றான் குவாபாரா.

நல்ல களிம்பு, ஒரு வாரம் மட்டும். புதுக் குழல் பெட்டிக்குள் போனது.

ஜூலை 12, சனி

தோகுரா அம்மா எங்கள் இருவரையும் மன்ற வாசலில் நிற்கவைத்து, சந்தையில் மீன் பார்ப்பதுபோல் செவுளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். எனக்கு இளஞ்சிவப்பு, தோல் மூடிவிட்டது. குவாபாராவுக்கு இப்போதுதான் உச்சம்.

“செரிஸாவா சான் முதல் குழல். குவாபாரா சான், நீங்க இந்த வருஷம் கண்டாமணி.”

ஜெயித்துவிட்டேன். பழைய குழலோடு.

வீட்டுக்கு இருவரும் சேர்ந்து நடந்தோம். முனையில் அவன், “நான் கேக்காம எடுத்தது தப்புதான்” என்றான். அவனா சொன்னான்? நாலாம் வகுப்பில் மரத்தில் முதலில் ஏறச் சொன்னது நான்தான் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

தேர் கிளம்பியது. ஊதினேன். கோயில் மேடு ஏறும்போது யாஸுயோ கூட்டத்தில் நின்றாள். பூனையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்தாள், வெயில் என்றாள்.

கோயிலில் தேர் திரும்பியது. குவாபாரா மணியடித்துக்கொண்டிருந்தான், மாஸ்க் இல்லாமல், தோல் உரிந்து புதுசாக. எனக்குத் திடீரென்று தாகம். “கொஞ்சம் பிடிடா” என்று குழலை நீட்டினேன். அதற்கு முன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வேகவைத்த துண்டால் அதைத் துடைத்தேன். இன்னொரு துண்டை, மடிப்புக் கலையாமல், அவன் கையில் வைத்தேன்.

தாகம் வீடு வரை தீரவில்லை. தேரைவிட்டு இறங்கி, கீழே தெருவில் நடந்துகொண்டே அவன் ஊதியதைக் கேட்டேன். எங்கள் தேரின் குழலை வெளியிலிருந்து கேட்டது முப்பத்தொரு வருடத்தில் இன்றுதான். நன்றாகத்தான் ஊதுகிறான். இதை இந்த நோட்டுக்கு வெளியே யாரும் சொல்லக் கூடாது.

நவம்பர் 17, திங்கள்

கோயில் மரம் முழுக்கச் சிவப்பு. பெட்டியைத் திறந்தோம். நான் ஒரு பாட்டு, அவன் ஒரு பாட்டு. துண்டு இரண்டு.

நவம்பர் 20, வியாழன்

டோஃபு கடையில் அவன் என் தாடையைப் பிடித்துத் திருப்பினான், நான் அவனுடையதை. வரிசையில் நின்ற பெண்கள் பழகிவிட்டார்கள்.

ஒன்றுமில்லை. வயசு மட்டும்.